எருவுக்குக் காசு வாங்கின தங்கச்சி

ஒரே வளவுக்குள் இருந்துகொண்டு ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காத சகோதரங்கள் எங்கள் வீட்டில் மட்டும் இல்லை. மீள்குடியேறி வந்த பிறகு வன்னியில் இப்படி எத்தனையோ வீடுகளைப் பார்த்துவிட்டேன். கேட்டால் காணிப் பிரச்சினை என்பார்கள். கொஞ்சம் கிட்டப் போனால் அது வீட்டுத்திட்டப் பிரச்சினையாக இருக்கும். இன்னும் உள்ளே போனால் 2008ஆம் ஆண்டில் போய் நிற்கும்.

எங்கள் அண்ணனும் தங்கச்சியும் கதைக்காமல் இருந்த காலத்தில் ஒழுங்கையில் பிறந்த பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிவிட்டார்கள். நான் நடுவில் பிறந்தவள், கலியாணம் கட்டி முல்லைத்தீவுப் பக்கம் இருக்கிறேன். இப்போது அவர்கள் இருவரும் கதைக்கிறார்கள். எப்படிச் சேர்ந்தார்கள் என்று எங்களைப் போன்ற வீட்டுக்காரர் கேட்கிறார்கள். ஆளாளுக்குச் சொல்லி முடியாது, அதனால் எழுதுகிறேன். ஊர்ப் பெயரும் ஆட்களின் பெயரும் வேண்டாம். கண்டாவளைப் பக்கம், இரணைமடுத் தண்ணீர் பாய்கிற வயல்வெளி என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

2006 ஆவணியில் வன்னியை வெளியோடு இணைக்கிற ஏ9 பாதை பூட்டுப்பட்டது. அதற்குப் பிறகு வீட்டுக்கு ஒருவர் இயக்கத்துக்கு, அதாவது புலிகளுக்கு, வரவேண்டும் என்ற கட்டாயம் இறுகியது. கலியாணம் கட்டினவர்களை விட்டுவிடுவார்கள் என்ற நம்பிக்கையில் வன்னி முழுக்க அவசரக் கலியாணங்கள் நடந்தன. அண்ணனுக்கும் எனக்கும் அப்படித்தான், சாதகம்கூடப் பார்க்காமல், அப்பா அடுத்தடுத்துக் கட்டிவைத்தார். தங்கச்சி உயர்தரம் படித்துக்கொண்டிருந்தாள். படிக்கிற பிள்ளையைத் தொடமாட்டார்கள் என்பது இன்னொரு நம்பிக்கை. 2008இல் இரண்டு நம்பிக்கையும் போய்விட்டன. கலியாணம் கட்டிய ஆண்களையும் தேடத் தொடங்கவே, அப்பா அண்ணனை வயல் வாடியிலும் பற்றைக் காட்டிலும் மாற்றி மாற்றி ஒளித்து வைத்தார். தேடி வந்தவர்களுக்கு அண்ணன் கிடைக்கவில்லை. தங்கச்சி கிடைத்தாள்.

மீதிக் கதை எல்லாருக்கும் தெரிந்ததுதான். தருமபுரம், விசுவமடு, உடையார்கட்டு, இரணைப்பாலை, மாத்தளன் என்று நகர்ந்து நகர்ந்து கடற்கரைக்குப் போனோம். வலைஞர்மடத்தில் தண்ணீர் எடுக்கப் போன அப்பா திரும்பி வரவில்லை. நாங்கள் செட்டிகுளம் முகாமுக்குப் போனோம். இயக்கத்தில் இருந்தவள் என்று தங்கச்சியை இராணுவம் ஓமந்தையில் பிரித்து எடுத்தது. பம்பைமடுவில் புனர்வாழ்வு முடித்து, இடுப்பில் செல் துண்டோடு அவள் ஊருக்கு வந்தபோது நாங்கள் தறப்பாளிலிருந்து தகரத்துக்கு மாறியிருந்தோம்.

வந்த புதிதிலேயே அவள் சொன்னாள்: "அண்ணைக்குப் பதிலா என்னைக் குடுத்திட்டீங்கள்." அம்மாவைப் பார்த்துத்தான் சொன்னாள். ஆனால் அண்ணன் கிணற்றடியில் நின்றார், அவருக்கும் கேட்டது. வாளியை வைத்துவிட்டுப் போய்விட்டார். அதற்குப் பிறகு அந்தக் கதையை இரண்டு பேரும் வாயால் எடுக்கவில்லை. சண்டை பிடிக்க வேறு எல்லாம் இருந்தது.

முதலில் வீடு. இந்திய வீட்டுத்திட்டத்தில் ஒரு வீட்டுக்கு ஐந்தரை இலட்சம் ரூபாயைப் பகுதி பகுதியாகத் தந்தார்கள், கட்டி முடிப்பது பயனாளியின் பொறுப்பு. ஆட்கள் கூடிய குடும்பத்துக்குத்தான் முதலில் கிடைக்கும் என்று ஊரில் கதை. அண்ணன் அம்மாவின் பெயரைத் தன் குடும்ப அட்டையில் சேர்த்துக்கொண்டார். அவருக்கு வீடு வந்தது, தனியாளாக நின்ற தங்கச்சிக்கு வரவில்லை. அம்மாவோ புது வீட்டுக்குப் போகாமல் பின்வளவில் தங்கச்சியோடு தகரக் கொட்டிலில் இருந்துவிட்டார். அம்மாவைக் காட்டி வீடு வாங்கினார் என்பது தங்கச்சியின் கதை. கடன்பட்டு முடித்தவனுக்குத்தான் அந்த வீட்டின் வலி தெரியும் என்பது அண்ணனின் கதை. எங்கள் ஒழுங்கையில் ஐந்தரை இலட்சத்துக்குள் யாரும் வீடு முடிக்கவில்லை என்பதும் உண்மை.

பிறகு வேலி. புனர்வாழ்வு முடித்து வந்தவர்களின் வீடுகளுக்கு விசாரிக்க ஆட்கள் வந்து போய்க்கொண்டிருந்த காலம். வருகிற மோட்டார் சைக்கிள் முதலில் நிற்பது ஒழுங்கையோடு இருந்த அண்ணன் வீட்டு வாசலில். அண்ணனின் மனைவி, எங்கள் மச்சாளுக்குப் பயம், பிள்ளைகளும் சின்னன். அவரை நான் குறை சொல்லமாட்டேன். ஒருநாள் வளவுக்கு நடுவில் முள்ளுக்கம்பி இழுத்தார்கள். தங்கச்சிக்குத் தனிப் படலை, தனிப் பாதை. கிணறு அண்ணன் பக்கம் போய்விட்டது. அவள் அயல்வீட்டுக் கிணற்றில் அள்ளத் தொடங்கினாள். இடுப்பில் துண்டு இருக்கிற ஆள் குடத்தோடு ஒழுங்கையைச் சுற்றிப் போவதை ஊரே பார்த்தது.

சேர்த்து வைக்க ஆட்கள் வராமல் இல்லை. புதுக்குடியிருப்பில் இருந்த பெரியப்பா முறையான ஒருவர், வற்றாப்பளைப் பொங்கலுக்கு எல்லாரும் கூடின கையோடு இரண்டு பேரையும் இருத்திவைத்துப் பேசினார். நல்ல மனிதர். "தம்பி, தங்கச்சியிட்டை ஒரு மன்னிப்புக் கேள், எல்லாம் முடிஞ்சுது" என்றார். அண்ணன், "நான் என்ன செய்தனான் எண்டு கேக்கிறது?" என்று கேட்டார். தங்கச்சி எழும்பிப் போய்விட்டாள். அதுவரை இரண்டு பேரும் மனதுக்குள் வைத்திருந்ததற்கு இப்போது இருபது சாட்சிகள். மன்னிப்புக் கேட்க மறுத்தவர் என்று அவருக்கு ஒரு பெயர், சபையை மதிக்காதவள் என்று இவளுக்கு ஒரு பெயர். சகோதரங்களைச் சபையில் இருத்திச் சேர்க்க முடியும் என்று நினைக்கிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: சபையில் தோற்கிறவர் ஒருவர் கட்டாயம் இருப்பார். அவர் வீட்டுக்கு வந்து அதை நினைத்துக்கொண்டே இருப்பார்.

கனடாச் சித்தப்பா வேறு. அவர் வைபரில் அண்ணனுக்கு ஒரு ஞாயிறு, தங்கச்சிக்கு ஒரு ஞாயிறு எடுப்பார். இரண்டு பேருக்கும் "உன்ரை பக்கம்தான் நியாயம்" என்பார். அவர் பாசத்தில்தான் சொன்னார், ஆனால் தூரத்தில் இருந்து வருகிற பாசத்துக்கு அடுத்த நாள் அதே ஒழுங்கையால் நடந்து போகவேண்டிய தேவை இல்லை. காசு அனுப்புகிற சொந்தத்திடம் சண்டைக் கதையைச் சொல்லாதீர்கள். சொன்னால் காசும் பக்கம் பார்த்து வரத் தொடங்கிவிடும்.

2018 மார்கழி வெள்ளத்தை ஊரில் இன்றைக்கும் சொல்வார்கள். இரணைமடு வான்கதவுகளைத் திறந்த இரவு எங்கள் பக்கமெல்லாம் தண்ணீர். அண்ணன் உழவு இயந்திரத்தைக் கொண்டுவந்து அம்மாவையும் தங்கச்சியையும் ஏற்றிப் பள்ளிக்கூடத்தில் இறக்கினார். "வெள்ளம் வந்து சேர்த்து வைச்சிட்டுது" என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். ஒரு சேர்க்கையும் இல்லை. பெட்டிக்குள் ஏறும்போதும் அவள் அவரைப் பார்க்கவில்லை, இறக்கும்போதும் அவர் ஒன்றும் கேட்கவில்லை. வெள்ளம் வடிய எல்லாம் பழையபடி. ஆபத்து நேரத்தில் எதிரிக்கும் கை கொடுப்போம். அதை உறவு என்று எண்ணிக்கொண்டால் பிறகு ஏமாற்றம்தான்.

உண்மையில் தொடங்கியது எருவில்.

2021இல் இரசாயன உரம் இறக்குமதி செய்ய அரசாங்கம் தடை போட்டது. சில மாதத்தில் தளர்த்தினாலும் அந்தக் காலபோகத்துக்கு, மாரி நெல்லுக்கு, யூரியா ஒழுங்காகக் கைக்கு வரவில்லை. வயல் மஞ்சள் அடித்துக்கொண்டு நின்றது. நெல்லை நம்பிக் கடன் வாங்கிய எல்லாரும் எரு தேடி அலைந்தார்கள். எங்கள் வளவின் பின்பக்கம் தங்கச்சியிடம் ஒரு சின்னப் பட்டி நாட்டு மாடு நின்றது. அவள் எருவைக் குவித்து, மழை படாமல் கிடுகு போட்டு மூடி, மக்க வைத்து, காய்ந்ததைத் தனியாக அரித்து வைத்திருப்பாள். முள்ளுக்கம்பிக்கு இந்தப் பக்கம் எருவுக்கு அலைகிற அண்ணன், அந்தப் பக்கம் கிடுகுக்குள் எருக்கும்பி.

நான் அந்த நேரம் அம்மாவைப் பார்க்கப் போயிருந்தேன். அண்ணன் என்னிடம், "அங்கை கிடக்கிற எருவை என்ன செய்யப் போறாளாம்?" என்றார். நான் நெடுக ஒரு வழக்கம் வைத்திருந்தேன். ஒருவர் சொன்னதை மற்றவரிடம் கொண்டுபோவதில்லை. எங்கள் ஊரில் இதைக் கதை காவுவது என்போம். "சாமான் தந்தால் கொண்டுபோறன், கதை கொண்டுபோகமாட்டன்" என்று இரண்டு பேருக்கும் முதலே சொல்லி வைத்திருந்தேன். அதனால் தங்கச்சியிடம் போய், "எரு விக்கிறியோ?" என்று மட்டும் கேட்டேன். யாருக்கு என்று அவளுக்குத் தெரியாதா? கொஞ்ச நேரம் பேசாமல் நின்றாள். பிறகு, "விப்பன். சும்மா குடுக்கமாட்டன்" என்றாள்.

அந்த "சும்மா குடுக்கமாட்டன்" என்ற சொல் எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. சும்மா கொடுத்திருந்தால் அண்ணன் வாங்கியிருக்கமாட்டார். வாங்கியிருந்தாலும் அது தலைக்கு மேல் ஒரு கடனாக நின்றிருக்கும். அவர் சும்மா கேட்டிருந்தால் அவள், என்னிடம் எடுத்தது போதாதா என்று நினைத்திருப்பாள். காசுக்கு விற்றால் யாருக்கும் யாரும் கடன் இல்லை. பழைய உரப் பைகளில் அவள் கட்டிவைத்தாள். என் மகன் அண்ணனின் லான்ட்மாஸ்டரில், அந்தச் சின்ன உழவு இயந்திரத்தில், ஏற்றினான். அவள் கொப்பி ஒற்றை ஒன்றைக் கிழித்து, எத்தனை பை, ஒரு பை எவ்வளவு, மொத்தம் எவ்வளவு என்று எழுதி, கீழே கோடு போட்டு அவனிடம் கொடுத்துவிட்டாள். அண்ணன் அந்த ஒற்றையை வாசித்துவிட்டு, பின்பக்கத்தில் "ஒரு பை குறைவு" என்று எழுதிக் காசோடு திருப்பி அனுப்பினார். மகன் போய்ப் பார்த்தால் ஒரு பை கொட்டிலடியில் சரிந்து கிடக்கிறது. அவள் அதை அனுப்பினாள்.

இவ்வளவு காலத்துக்குப் பிறகு அண்ணன் தங்கச்சிக்கு எழுதிய முதல் வசனம் "ஒரு பை குறைவு". நான் சிரித்துவிட்டேன். ஆனால் அதில் ஒரு விஷயம் இருக்கிறது. அவர் குறையைச் சொன்னார், அவள் அதைத் திருத்தினாள், இரண்டு பேருக்கும் கோபம் வரவில்லை. சின்னக் கணக்கு ஒன்று சரியாக முடிந்தால் அடுத்த கணக்குப் போட ஒரு துணிவு வரும். அறுவடை முடிந்ததும் அவள் சாப்பாட்டுக்கு நெல் விலைக்குக் கேட்டாள். அவர் சந்தை விலையிலும் குறைத்து எழுதி அனுப்பினார். அவள் மிச்சக் காசையும் சேர்த்து அனுப்பினாள். அடுத்த போகத்துக்கு அவர் விலையைச் சரியாக எழுதினார்.

அதனால் கதை பேச்சு இல்லாத சகோதரத்திடம் முதலில் பரிசு கொண்டு போகாதீர்கள். சேலை, பழம், பிள்ளைக்குச் சட்டை ஒன்றும் வேண்டாம். விலைக்கு வாங்கக்கூடிய ஏதாவது அவரிடம் இருந்தால் அதை வாங்குங்கள். காசை உடனே கொடுங்கள், பேரம் பேசுவதானாலும் பேசுங்கள்.

அப்புறம் அம்மா விழுந்து தொடை எலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில் கிடந்தார். பெண்கள் வாட்டில் பெண்கள்தான் நிற்கலாம். தங்கச்சி நின்றாள், அண்ணன் நேரத்துக்குச் சாப்பாடு கொண்டுபோனார். வாசலில் சாப்பாட்டுக் கரியரைக் கை மாற்றும்போது ஏதாவது சொல்லத்தானே வேண்டும். "அம்மா சாப்பிட்டவவோ?" "கொஞ்சம். பால் கொண்டுவாங்கோ." வாட்டுக்குள் போக மணி அடித்துவிடும், அதனால் நீட்டிக் கதைக்க வழியில்லை. கதைக்க ஒரு காரணமும், நிறுத்த ஒரு காரணமும் இருந்தது நல்லதாகப் போயிற்று. நான் வேண்டுமென்றே அந்த வேளைகளில் போகவில்லை. நான் நின்றால் இரண்டு பேரும் என்னோடு கதைப்பார்கள்.

மச்சாளைப் பற்றியும் சொல்ல வேண்டும். இப்படியான பிரிவுகளில் ஊர் பழியைப் போடுவது வந்தவள் தலையில். அண்ணனின் மகள் பெரியபிள்ளையானபோது மச்சாள்தான் வேலியைச் சுற்றிக்கொண்டு தங்கச்சியின் படலைக்கு வந்து, "மாமி வந்துதான் தண்ணி வாக்க வேணும்" என்று கூப்பிட்டார். கலியாணம் கட்டாதவள், அதுவும் இப்படியான ஆள், முன்னுக்கு நிற்கக்கூடாது என்று கிழவி ஒருவர் முணுமுணுத்தார். மச்சாள் குத்துவிளக்கைத் துடைத்துக்கொண்டே, "அவதான் பிள்ளைக்கு மாமி" என்றார். வேறு விளக்கம் சொல்லவில்லை. முறை என்று ஒன்று இருப்பது இதற்குத்தான் உதவுகிறது. யார் பிழை, யார் சரி என்று பேசாமலே ஆளைக் கூப்பிட அது இடம் தருகிறது. சடங்கு வருகிறது என்றால் அழைப்பு அட்டையைப் பிள்ளைகளிடம் கொடுத்து அனுப்பாமல் நேரில் போய்ச் சொல்லுங்கள். எங்கள் ஊரில் செத்தவீட்டுக்குச் சொல்லாமலும் வரலாம், நல்லதுக்குச் சொன்னால்தான் வருவார்கள்.

இனிக் காணிக்கதை. இதை எழுதுவதற்கே பாதிக் காரணம் இதுதான்.

எங்கள் வளவும் வயலும் உறுதிக்காணி இல்லை. வன்னியில் குடியேற்றத் திட்டத்துக் காணிகள் பல 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கொடுத்த அனுமதிப்பத்திரக் காணிகள், பெர்மிட் காணி என்போம். இதை விருப்பப்படி விற்க முடியாது. பெர்மிட்காரர் தனக்குப் பிறகு யார் என்று பின்னுரித்தாளர் ஒருவரை நியமித்து, அது அவர் உயிரோடு இருக்கும்போதே பதியப்பட்டிருக்க வேண்டும். நியமிக்காவிட்டால் கணவனோ மனைவியோ சீவிய காலம் அனுபவிக்கலாம், அதற்குப் பிறகு சட்டத்தில் சொன்ன வரிசைப்படி ஒருவருக்குப் போகும். அந்த வரிசையில் நெடுங்காலம் ஆண்பிள்ளைக்கே முதலிடம் இருந்தது. 2022இல்தான் சட்டத்தைத் திருத்தி ஆண் பெண் வித்தியாசத்தை எடுத்தார்கள்.

எங்கள் வீட்டில் பெர்மிட் மாத்தளனோடு போய்விட்டது. அப்பா யார் பெயரைப் போட்டிருந்தார் என்று யாருக்கும் தெரியாது. தன்னை அனுப்பிவிட்ட அப்பா காணியையும் அண்ணனுக்கே எழுதியிருப்பார் என்று தங்கச்சி நம்பினாள். தங்கச்சி போன பிறகு அப்பா பட்ட பாட்டைப் பார்த்த அண்ணன், அவர் மனம் பொறுக்காமல் அவள் பெயரைப் போட்டிருப்பார் என்று நம்பினார். இரண்டு பேரும் இல்லாத ஒரு கடதாசியை வைத்து ஆளுக்கொரு பக்கம் பயந்துகொண்டிருந்தார்கள்.

பெர்மிட் தொலைந்தாலும் பிரதேச செயலகத்தின் காணிக் கிளையில் பேரேடு இருக்கும். அம்மா ஆஸ்பத்திரியால் வந்து கொஞ்சம் தேறியதும் மூன்று பேருமாகப் போனோம். கிராம அலுவலரின் கடிதம், அப்பாவின் பழைய அடையாள அட்டைப் பிரதி, துண்டு இலக்கம் எழுதியிருந்த பழைய தண்ணீர் வரிப் பற்றுச்சீட்டு, இவற்றைக் கொண்டுபோனோம். உத்தியோகத்தர் மங்கிப்போன அந்தத் தடித்த புத்தகத்தைத் திறந்து விரலால் வரிசை பிடித்துக்கொண்டு வந்தார். அப்பாவின் பெயர், துண்டு இலக்கம், அளவு, ஆண்டு எல்லாம் இருந்தது. பின்னுரித்தாளர் என்ற கட்டம் வெறுமையாக இருந்தது. யார் பெயரும் இல்லை. தங்கச்சி புத்தகத்தைத் தன் பக்கம் திருப்பிப் பார்க்கலாமோ என்று கேட்டாள். பார்த்துவிட்டு அண்ணனிடம் தள்ளிவிட்டாள்.

பேரேட்டைப் பார்க்காமல் காணிச் சண்டை பிடிக்கிற குடும்பங்கள் வன்னியில் நிறைய. பார்த்துவிட்டுப் பிடியுங்கள் என்றுதான் சொல்வேன். இரண்டு பேரும் சேர்ந்து போய் ஒரே நேரத்தில் பாருங்கள். ஒருவர் தனியாகப் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொன்னால் மற்றவர் நம்பமாட்டார். பொலிசுக்கும் கோட்டுக்கும் ஓடுவதற்கு முதல் மத்தியஸ்த சபை என்று ஒன்று இருப்பதையும் மறக்கவேண்டாம். 1988ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வந்தது, காசு இல்லை, சட்டத்தரணி வந்து வாதாட முடியாது. பெர்மிட் யாருக்கு என்பது பிரதேச செயலகத்து விஷயம். ஆனால் கிணற்றுக்குப் போகிற பாதை, வேலி, மரம் என்று வருகிற சண்டைகளை அங்கே பேசித் தீர்த்த சகோதரங்கள் எங்கள் ஒழுங்கையிலேயே இருக்கிறார்கள்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து தங்கச்சி தேத்தண்ணி வைத்தாள். அண்ணன் முதல் தடவையாக அவளுடைய படலையால் உள்ளே வந்து வாங்கில் இருந்தார். தேத்தண்ணியைக் கொடுத்துவிட்டு அவள் கேட்டாள்: "அண்டைக்கு நீங்கள் எங்கை நிண்டனீங்கள்?"

நான் எழும்பி மாட்டடிக்குப் போய்விட்டேன். நடுவில் நிற்கிற ஆள் எப்போது வெளியே போகவேண்டும் என்று தெரிந்திருக்க வேண்டும். ஆர்வமாகத்தான் இருந்தது, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் நான் இருந்திருந்தால் அண்ணன் என்னைப் பார்த்துத்தான் பதில் சொல்லியிருப்பார்.

என்ன பேசினார்கள் என்று முழுதாக எனக்கு இன்றைக்கும் தெரியாது. தங்கச்சி பிறகு எப்போதோ சொன்னது இது மட்டும். அவளைக் கொண்டுபோனது அண்ணனுக்கு உடனே தெரியாதாம். அப்பா சாப்பாடு கொண்டுவரவில்லையே என்று காட்டுக்குள் இருந்தாராம். மூன்றாம் நாள்தான் அப்பா வந்து சொன்னாராம், வெளியே வரவேண்டாம் என்றும் சொன்னாராம். "உடனை தெரிஞ்சிருந்தா வந்திருப்பீங்களோ எண்டு கேட்டன் அக்கா. கன நேரம் இருந்திட்டு, தெரியேல்லை எண்டார்."

"அதுக்கு நீ என்ன சொன்னனி?"

"ஒண்டும் சொல்லேல்லை. வந்திருப்பன் எண்டு சொல்லியிருந்தா நான் எழும்பிப் போயிருப்பன்."

பெரியப்பா அன்று சபையில் கேட்கச் சொன்ன மன்னிப்பை அண்ணன் கேட்டிருந்தாலும் இவள் ஏற்றிருக்கமாட்டாள் என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. அவளுக்குத் தேவைப்பட்டது பொய் இல்லாத ஒரு பதில். அது எவ்வளவு சின்னதாக இருந்தாலும் பரவாயில்லை. அண்ணனுக்கும் அந்தப் பதிலை வைத்துக்கொண்டு இத்தனை காலம் இருந்தது இலேசாக இருந்திருக்காது. ஆனால் இதை முதல் நாளே கேட்டிருந்தால் இந்தப் பதில் வந்திருக்குமா? எருவும் நெல்லும் கரியரும் பேரேடும் போன பிறகுதான் வந்தது. பழைய காயத்தை முதலில் பேசித் தீர்த்துவிட்டு மற்றதைப் பார்ப்போம் என்கிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை.

எல்லாம் சரியாகிவிடவில்லை. அப்பாவின் விஷயத்தில் இரண்டு பேரும் இரண்டு பக்கம்தான். காணியை அடுத்தவர் பெயருக்கு மாற்ற மரணச் சான்றிதழ் கேட்கிறார்கள். போரில் காணாமல் போனவர்களுக்கு மரணப் பதிவு செய்ய 2010இல் தனிச் சட்டம் கொண்டுவந்தார்கள். எடுத்துவிட்டால் வேலை முடியும் என்பது அண்ணனின் எண்ணம். தங்கச்சியும் அம்மாவும் மாட்டார்கள். கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில் 2017 மாசியில் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவினர் போராட்டம் தொடங்கிய நாளிலிருந்து அம்மா போய் இருந்து வந்தவர். அந்த ஆளிடம் போய் அப்பாவுக்கு மரணச் சான்றிதழ் எடுப்போம் என்று சொல்ல யாருக்கு வாய் வரும்?

2016ஆம் ஆண்டுத் திருத்தத்தால் இன்னொரு வழி வந்திருக்கிறது. செத்துவிட்டார் என்று சொல்லாமல், காணாமற்போனவர் என்று மட்டும் உறுதிப்படுத்துகிற சான்றிதழ். அதை வைத்துச் சொத்துகளைத் தற்காலிகமாகப் பராமரிக்கலாம், உதவிகளுக்கு விண்ணப்பிக்கலாம், உரிமையை மாற்றுவது வேறு விஷயம். இப்போதைக்கு அதை எடுப்போம் என்று முடிவாகியிருக்கிறது. அண்ணன் இதற்குச் சம்மதித்தது பெரிய விஷயம், ஏனென்றால் அவருடைய அவசரத்துக்கு இது உதவாது. அதோடு, அம்மாவும் தங்கச்சியும் இருக்கிற துண்டைப் பற்றித் தனக்கு ஆட்சேபம் இல்லை என்று கிராம அலுவலர் முன்னால் எழுதிக் கையெழுத்தும் வைத்தார். சட்டப்படி அது உறுதி ஆகாது, அது எல்லாருக்கும் தெரியும். ஆனால் நாளைக்கு அண்ணனின் பிள்ளைகள் வளர்ந்து கேட்கும்போது காட்ட ஒரு கடதாசி இருக்கும். உங்கள் வீட்டிலும் வாய்ப்பேச்சாக முடிந்ததை ஒரு தாளில் எழுதித் திகதி போட்டு வையுங்கள். சந்தேகத்துக்காக இல்லை. நாங்கள் எத்தனை தடவை எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஓடியவர்கள், எங்கள் ஞாபகமும் அப்படித்தான் ஆங்காங்கே விழுந்து கிடக்கிறது.

தங்கச்சி போராட்டத்துக்குப் போகிறாள், அண்ணன் போகமாட்டார். வைகாசியில் முள்ளிவாய்க்கால் நினைவுநாளுக்குப் போகிற அன்றைக்கும் தனித்தனியாகத்தான் போவார்கள். அதைச் சேர்த்து வைக்க நான் முயலவில்லை.

வேலி இன்னும் இருக்கிறது. கழற்றினால் என்ன என்று ஊரில் கேட்கிறார்கள். கழற்றினால் மாடு அண்ணனின் நாற்றுக்குள் இறங்கிவிடும், பிறகு அதற்கு ஒரு சண்டை. கிணற்றுப் பக்கம் மட்டும் இரண்டு கட்டையை நட்டு ஒரு கடப்பு விட்டிருக்கிறார்கள். வருகிற போகத்துக்குத் தங்கச்சி எரு விலையைக் கூட்டப் போகிறாளாம். அண்ணன் எனக்குப் போன் எடுத்து, "சொந்தத்துக்கே இந்த விலையோ, நீ ஒருக்காச் சொல்லு" என்றார். கடப்பால் போய் நேரே கேளுங்கோ என்று சொல்லி வைத்துவிட்டேன்.